காவடி எடுத்து ஆடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடிக் கிருத்திகை என்று காவடி புறப்படும் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் வழியில் மயங்கி உட்காருபவர் ஒருவராவது இருப்பார். கழுத்து பிடித்துக்கொண்டு காவடியை அடுத்தவர் தோளுக்கு மாற்றுபவர் இருப்பார். உள்ளங்கால் கொப்பளித்துக் குதிகாலால் நடப்பவர் இருப்பார். "வேண்டுதலில் என்ன குறை வைத்தோமோ" என்று வீட்டார் கலங்குவார்கள். குறை பெரும்பாலும் வேண்டுதலில் இருக்காது. காவடி கட்டிய விதத்திலோ, மேளம் வாசித்த வேகத்திலோ, முந்தின நாள் சாப்பாட்டிலோதான் இருக்கும்.

காவடியின் கதையே சுமையின் கதை. சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளை அகத்தியருக்காகத் தண்டின் இரு முனையிலும் கட்டித் தோளில் தூக்கி வந்தவன் இடும்பன். பழனியில் இன்றும் படியேறுகிறவர்கள் நடுவழியில் இடும்பனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள். இருபுறமும் சம பாரம் தொங்கும் தண்டைத் தோளில் வைத்து நடந்தால், தண்டு ஏறி இறங்கும் அசைவுக்கு ஏற்பக் காலும் விழும். அந்த நடையைத் தாளத்துக்குள் கொண்டுவந்ததுதான் காவடியாட்டம். ஆகவே ஆட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: ஆடுகிறவர் கால் தாளத்தில் விழுகிறதா? தாளத்தில் விழுந்துகொண்டிருந்தால் கவலை இல்லை. தாளம் தவற ஆரம்பித்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

விரதத்தைக் கடைசி இரண்டு நாளில் அடைப்பது

48 நாள் ஒரு மண்டலம். அதற்கு வசதிப்படாதவர்கள் 21 நாள், 7 நாள் என்று இருப்பதும் உண்டு; குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் மாறும். நாள் குறைவது ஆபத்தில்லை. பல வாரம் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு, குற்ற உணர்ச்சியில் கடைசி 2 நாள் வெறும் தண்ணீரோடு நிற்பதுதான் ஆபத்து. ஈரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாள் பட்டினியிலேயே தீர்ந்துவிடும். மறுநாள் காலையில் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஆட வேண்டிய உடம்பு அப்போது காலியாக இருக்கும்.

மண்டல விரதத்தின் ஒருபொழுது சாப்பாட்டுக்கு வேறு ஒரு பலன் உண்டு. குறைந்த உணவில் வேலை செய்ய உடம்பு மெல்லப் பழகுகிறது. அந்தப் பழக்கத்தை இரண்டு நாளில் வாங்க முடியாது. முந்தின இரவு குழைந்த சோறு, தயிர், வாழைப்பழம். புறப்படுவதற்கு 2 மணி நேரம் முன்னால் பாலும் பழமும். இந்த அளவுக்கு எந்த விரதமும் குறுக்கே நிற்பதில்லை. சந்தேகம் இருந்தால் மாலை போட்டுவிட்ட குருசாமியிடமே கேட்கலாம். பெரும்பாலும் அவர்தான் முதலில் "சாப்பிடு" என்பார்.

உப்பில்லா விரதம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. உப்பு சேர்க்காமல் வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கும். தலைவலி, குமட்டல், பிறகு குழப்பம், உளறல். வழியில் தண்ணீர்ப்பந்தலில் கொடுக்கும் நீர்மோரில் உப்பு இருக்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டு இளநீர் மட்டும் குடிப்பவர்கள் உண்டு. இளநீர் நல்லதுதான், ஆனால் வியர்வையில் போன உப்பை அது ஈடுகட்டாது. புறப்படும் நாளன்று மட்டும் உப்பு சேர்த்துக்கொள்ளலாமா என்பதை மாலை போடும்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். பாதி வழியில் பேசும் விஷயம் இல்லை அது.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள் விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பட்டினியில் சர்க்கரை மாத்திரையை வழக்கமான அளவில் போடுவதும் தவறு, "சாமி பார்த்துக்கொள்வார்" என்று அடியோடு நிறுத்துவதும் தவறு. அளவை மாற்றித் தர வேண்டியவர் மருத்துவர்.

காவடி கட்டுவதில்

எளிய ஆட்டக் காவடியில் அதிக உறுப்புகள் இல்லை: தோளில் உட்காரும் தண்டு, அதன் இரு முனைகளையும் இணைத்து மேலே வளையும் வில், வில்லின் மேல் பட்டு, இரண்டு பக்கமும் மயில் தோகை, முனைகளில் தொங்கும் பால் செம்புகள், சலங்கை மணி. இதில் எல்லாரும் கவனம் செலுத்துவது அலங்காரத்தில். விழவைப்பது எடையும் சமநிலையும்.

பட்டு சுற்றும் முன்பே, வெறும் சட்டமாக இருக்கும்போதே, தண்டின் நடுவில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். இரு முனையிலும் செம்பில் பாலுக்குப் பதில் தண்ணீர் நிரப்பியிருக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத் தோள் மட்டுமே 3 மணி நேரம் பாரம் தாங்கப் போகிறது என்று அர்த்தம். அலங்காரம் முடிந்த பிறகு மறுபடியும் ஒருமுறை இதையே செய்ய வேண்டும், ஏனென்றால் தோகை ஒரு பக்கம் அடர்த்தியாகிவிடும்.

முன்னும் பின்னும் சாய்வதைச் சோதிப்பவர்கள் குறைவு. வில்லின் உச்சியில் முருகன் சிலையோ கண்ணாடி போட்ட படமோ வைத்துக் கட்டுவது இப்போது அதிகமாகிவிட்டது. பாரம் உயரப் போகப் போக, நீங்கள் சற்றே முன்னால் குனிந்தாலும் காவடி உங்களை இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்குவது கழுத்துத் தசை. பழைய கட்டில் கனமான பொருள் எல்லாம் தண்டுக்குக் கீழே தொங்கும், மேலே தோகையும் பட்டும் மட்டும் இருக்கும். அதுவே சரி. உச்சியில் ஏதாவது வைத்தே ஆக வேண்டும் என்றால் படத்தை அட்டையில் ஒட்டுங்கள், கண்ணாடி வேண்டாம்.

மொத்த எடை எவ்வளவு? ஆடப் போகிறவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 60 கிலோ ஆள் என்றால் பால் உட்பட 6 கிலோ. இடுப்பிலும் தோளிலும் பட்டை மாட்டிச் சுமக்கும் பெரிய ரதக் காவடிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பாரம் இடுப்புக்கு இறங்குகிறது, ஆட்டமும் நின்ற இடத்தில் அசைவதோடு முடிந்துவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், ரதக் காவடியைப் பார்த்துவிட்டு அதே உயரத்தைத் தோள் காவடியில் கொண்டுவர முயல்வது.

வில்லையும் தண்டையும் வெறும் ஆணியால் இணைக்கக் கூடாது. ஆட்ட அதிர்வில் ஆணி மெல்ல மெல்ல வெளியே வரும். பட்டுக்குள் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. திருகாணி போட்டு, அதன் மேல் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். தோகைத் தண்டின் வெட்டிய முனை ஊசி போல இருக்கும். அந்த முனை ஆடுகிறவர் கண் மட்டத்திலோ கழுத்துப் பக்கமோ வரக் கூடாது. எல்லா முனையையும் சேர்த்துத் துணி சுற்றிக் கட்டுங்கள். மணி கட்டிய கம்பியின் நுனியையும் மடித்துவிடுங்கள்.

தோளில் எங்கே வைப்பது என்பதில்தான் கழுத்துவலிக்காரர்கள் எல்லாரும் தவறுகிறார்கள். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு தெரியும். தண்டு அதன் மேல் உட்காரக் கூடாது. கழுத்துக்கும் தோள் மூட்டுக்கும் நடுவில் இருக்கும் தசைமேட்டில், நான்காக மடித்த பருத்தித் துண்டின் மேல் உட்கார வேண்டும். பட்டுத் துண்டு வழுக்கும். காவடி தோளில் இருக்கும்போது தலையை இடமும் வலமும் முழுதாகத் திருப்ப முடிந்தால் இடம் சரி; திருப்ப முடியவில்லை என்றால் தண்டு உள்ளே தள்ளி இருக்கிறது.

வேட்டியைத் தாறு பாய்ச்சிக் கட்டுங்கள். தொங்கும் விளிம்பு, பின்னால் வளையும்போது குதிகாலில் மாட்டும்.

இவ்வளவும் முடிந்ததும், பூசை போடுவதற்கு முந்தைய ஏதாவது ஒரு நாளில், அதே எடையோடு 20 நிமிடம் ஆடிப் பாருங்கள். பூசை போட்ட காவடியை ஒத்திகைக்குத் தொடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது நியாயம். அதனால்தான் முன்னாலேயே செய்ய வேண்டும்.

கையால் தொடாமல் காவடியை ஒரு தோளிலிருந்து பிடரி வழியாக மறு தோளுக்கு உருட்டுவது, தலையில் நிறுத்துவது, படுத்து எழுவது போன்றவை தொழில்முறை ஆட்டக்காரர்களின் வித்தைகள். சிறு வயதிலிருந்து பழகியவர்கள் அவர்கள். அவர்கள் காவடி அதற்கென்றே இலேசாகவும் தாழ்வாகவும் கட்டப்பட்டிருக்கும். செம்பில் பால் இருக்காது. நேர்ந்துகொண்டு எடுப்பவருக்கு அதில் ஒன்றும் தேவையில்லை. இரண்டு கையும் தண்டில் இருக்கட்டும்.

பால் செம்பு

பாதி நிரப்பினால் சிந்தாது என்று நினைப்பது தவறு. பாதிச் செம்பில்தான் பால் அதிகமாக அலையும். ஆட்டத்தின் அசைவு பாலின் அலைவோடு சேர்ந்துகொண்டால் காவடியே ஊசலாடும். வாய் குறுகிய செம்பில் கழுத்துவரை நிரப்பி, வாழையிலைத் துண்டு மூடி, மேலே மஞ்சள் துணி போட்டு, கழுத்தில் நூலை இறுகச் சுற்ற வேண்டும். அரை லிட்டர் செம்பு இரண்டு போதும். அதுவே 1 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரும்.

காய்ச்சாத பால் பங்குனி வெயிலில் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். விடியற்காலையில் நிரப்பி வைத்துவிட்டு, ஆள் சேர்வதற்காக 9 மணிவரை காத்திருந்து புறப்பட்டால் சன்னதிக்குப் போவது தயிராகத்தான் இருக்கும். குளிர்ந்த பாலை, புறப்படும் நேரத்தில் நிரப்புங்கள். ஈயம் பூசாத பித்தளையில் புளித்த பால் நிற்பது நல்லதில்லை. எவர்சில்வர் செம்பு போதும். நீண்ட தூரம் நடப்பவர்கள் பாலைத் தவிர்த்துச் சர்க்கரையோ தீர்த்தமோ எடுப்பது பழைய வழக்கம்தான். செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடந்துவரும் நகரத்தார் காவடியும், கொடுமுடியிலிருந்து காவிரித் தண்ணீர் கொண்டுவரும் தீர்த்தக் காவடியும் அப்படித்தான்.

தாளமும் அடியும்

காவடிச் சிந்து பெரும்பாலும் திஸ்ர நடை, அதாவது "தகிட தகிட" என்று மூன்று மூன்றாக ஓடும். இது ஏன் பாரம் சுமந்து ஆடுவதற்குத் தோதாக இருக்கிறது என்பதைக் காலை வைத்தே பார்த்துவிடலாம். எண்ணிக்கைக்கு ஓர் அடி என்று வையுங்கள்: வலது, இடது, வலது, அடுத்த தகிடவில் இடது, வலது, இடது. அழுத்தி விழும் முதல் அடி ஒருமுறை வலது காலுக்கும் மறுமுறை இடது காலுக்கும் போகிறது. இரண்டு முழங்காலும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. நான்கு எண்ணிக்கையில் ஆடினால் அழுத்தம் ஒவ்வொரு முறையும் ஒரே காலில் விழும். 2 கிலோமீட்டர் போவதற்குள் அந்த முழங்காலும் குதிகாலும் சொல்லிவிடும். நான்கில்தான் மேளம் வருகிறது என்றால் எட்டு, பத்து தட்டுக்கு ஒருமுறை ஓர் அடியை நிறுத்திக் காலை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடியைக் குதிகாலால் இடிப்பது இன்னொரு தவறு. முன்பாதம் முதலில், முழங்கால் சற்று மடிந்து, பிறகுதான் குதிகால். முழங்காலை விறைப்பாக வைத்து இடித்தால் அதிர்ச்சி முதுகெலும்பு வழியாக நேரே தண்டுக்கு ஏறும். செம்பு குலுங்குவதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நல்ல ஆட்டத்தில் தோகை அசையும், செம்பு அசையாது.

வேகம் யார் கையில்? தமிழ்நாட்டில் நாதஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு சேர்ந்த நையாண்டி மேளம். மலேசியாவில் உறுமி மேளம். எதுவானாலும் கூட்டம் கூடும் இடத்தில் வேகத்தைத் தூக்கும். புறப்படும் வீட்டு வாசலில்தான் கூட்டம் அதிகம், ஆகவே முதல் அரை மணியிலேயே துரித காலம். ஆடுகிறவரின் மூச்சு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. முன்கூட்டியே பேசிவையுங்கள்: 10 நிமிடம் ஆட்டம், 5 நிமிடம் வெறும் நடை, கடைசி அரை கிலோமீட்டர்வரை துரிதம் வேண்டாம். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் ஆடுகிறவர் இல்லை, கூட வரும் துணையாள். அவர் துண்டை உயர்த்தினால் மேளம் இறங்க வேண்டும் என்று ஓர் அடையாளம் வைத்துக்கொண்டால் சத்தத்தில் கத்த வேண்டியதில்லை.

வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சினிமா மெட்டைப் போட்டு ஆடுவதைப் பற்றிப் புனிதம் சார்ந்த வாதங்கள் நிறைய உண்டு. அதை விட்டுவிட்டாலும் ஒரு கோளாறு மிச்சம் இருக்கிறது: பம்பைக்காரர் ஆடுகிறவர் காலைப் பார்த்து வாசிப்பார், கால் தளர்ந்தால் கையைத் தளர்த்துவார், ஒலிபெருக்கி எதையும் பார்க்காது. இரண்டு காவடிக் குழுக்கள் ஒட்டி வரும்போதும் இதே தொல்லை. இரண்டு தாளம் ஒரே காதில் விழுந்தால் கால் குழம்பும். நடுவே 40 மீட்டராவது விட்டு நடங்கள்.

சிங்கப்பூர்த் தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் வாத்தியங்களுக்குத் தடை இருந்தது. 2016-இல் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. இப்படி மேளம் தொடர்ந்து வராத இடங்களில் உடன் வருபவர்களின் பாட்டும் கைத்தட்டும்தான் தாளம். ஆளாளுக்கு ஒரு வேகத்தில் அரோகரா போடாமல், ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். சட்ட விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றும்போது

ஒரே பக்கமாக ஏழெட்டு சுற்று சுற்றிவிட்டுச் சட்டென்று நிற்பதுதான் விழுவதற்குச் சுருக்கு வழி. உள்காதில் இருக்கும் திரவம் உடம்போடு சேர்ந்து சுற்றத் தொடங்கி, உடம்பு நின்ற பிறகும் சிறிது நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நின்றபின் உலகம் சுற்றுகிறது. தோளில் பாரம் இல்லாதவர் தள்ளாடிச் சமாளிப்பார். காவடி இருந்தால் முடியாது. வலப்பக்கம் மூன்று, பிறகு இடப்பக்கம் மூன்று. கடைசிச் சுற்றைப் பாதி வேகத்தில் முடித்து, எதிரே உயர்ந்து நிற்கும் வேலையோ கோபுரத்தையோ பார்த்து நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சுற்றவே கூடாது. துருக்கியின் மெவ்லவி சூஃபிகள் நெடுநேரம் ஒரே திசையில் சுற்றுகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் மாதக்கணக்கில் பழகிய பிறகு சுற்றுகிறார்கள். தலையில் தொப்பிதான், தோளில் பாரம் கிடையாது.

தார் ரோடு

பங்குனி, சித்திரை நண்பகலில் தார் ரோடு 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் வெறுங்கால் தோல் வெந்துபோக நெடுநேரம் ஆகாது. ஆட்டத்தில் வலி தெரியாது என்பதால் கொப்பளம் கோயிலில்தான் தெரியவரும். விடியுமுன் புறப்பட்டு 9, 10 மணிக்குள் சேருவதே முழுத் தீர்வு. முடியாவிட்டால் தண்ணீர் லாரி முன்னால் போகட்டும், நிற்கும் இடங்களில் ஈரச் சாக்கு விரிக்கட்டும். உள்ளங்காலில் எண்ணெய் தடவுவது மிகவும் தவறு. தண்ணீர் பட்ட தரையில் வழுக்கும். வாசலுக்கு வாசல் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், காலுக்கு அது இதம்தான். ஆனால் சிமெண்டு, டைல்ஸ் தரையில் ஊற்றினால் அங்கே ஆடாமல் நடந்து தாண்டிவிடுங்கள். விரதம் தொடங்கியது முதல் தினமும் கொஞ்ச தூரம் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தோல் தடித்துவிடும். அன்றைக்குத்தான் செருப்பைக் கழற்றுகிறவர்கள்தான் நொண்டுகிறார்கள்.

அருளா, மயக்கமா

இந்த ஒன்றில் தவறினால் உயிருக்கே ஆபத்து, ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

அருள் வந்து ஆடுகிறவருக்குத் தாளம் கேட்கிறது. பம்பை ஏறினால் ஆட்டம் ஏறும், இறங்கினால் இறங்கும். திருநீறு பூசினால் ஒரு மாற்றம் தெரியும். வழக்கமாக எந்தக் கட்டத்தில் வருமோ அந்தக் கட்டத்தில் வரும். பூசாரிக்கும் வீட்டாருக்கும் அது பழக்கப்பட்ட ஒன்று. தாளத்தோடு தொடர்பே இல்லாமல் உடம்பு நடுங்கினால், கால் தாளம் விட்டு இழுபட்டால், மேளம் நின்றும் உளறல் நிற்காவிட்டால், அங்கே பார்க்க வேண்டியது உடம்பை.

சர்க்கரை இறங்கியவருக்கு உடம்பு சில்லென்று வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், சிலர் முரட்டுத்தனமாகக் கத்துவார்கள். பார்ப்பவர்களுக்கு அச்சு அசல் அருள்தான். வெயில் தாக்கியவருக்குத் தோல் நெருப்பாகக் கொதிக்கும், இடம், ஆள் அடையாளம் தெரியாது, வாந்தி வரலாம். வலிப்பு வந்தவருக்குக் கண் மேலே செருகி, கை கால் ஒரே சீராக வெட்டி வெட்டி இழுக்கும். நாக்கைக் கடித்துக்கொள்ளலாம், சிறுநீர் போகலாம். மூன்றிலும் கூட்டத்தின் முதல் வேலை "வேல் வேல்" என்று சத்தத்தைக் கூட்டுவதாகத்தான் இருக்கிறது. மேளமும் ஏறும். அதுதான் தவறு. சந்தேகம் வந்த நிமிடமே மேளம் நிற்க வேண்டும். உண்மையாகவே அருள் என்றால் அதனால் எதுவும் கெட்டுவிடாது.

வரிசை முக்கியம். முதலில் காவடியை இறக்க வேண்டும்: இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து ஒரே நேரத்தில் மேலே தூக்கி, ஆளைக் கீழிருந்து வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஒரு பக்கம் பிடித்தால் மறுமுனை ஆடியவர் முகத்தில் விழும். பிறகு நிழல். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். உடம்பு கொதித்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத் துணி வைத்து விசிறுங்கள். விழித்திருக்கிறார், விழுங்குகிறார் என்றால் மட்டும் சர்க்கரைத் தண்ணீர். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். வலிப்பில் கையில் சாவிக் கொத்தைத் திணிப்பதும், பல்லுக்கிடையே கரண்டி வைப்பதும் வேண்டாம். பக்கவாட்டில் சாய்த்து, தலைக்கு அடியில் துண்டு வைத்தால் போதும். உளறல் தீராவிட்டால், சூடு இறங்காவிட்டால், வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைப்பதில் தயக்கமே கூடாது.

அருள் வரவழைக்கிறோம் என்று மூடிய அறையில் முகத்துக்கு நேரே சாம்பிராணி போடுவார்கள். கரி கனன்று வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் இருக்கும். பட்டினி உடம்பு அதில் சுருண்டு விழும், இளைப்பு நோய் உள்ளவருக்கு மூச்சே அடைக்கும். திறந்த வாசலில், கை நீட்டும் தூரத்தில் போடலாம். உள்ளே போட வேண்டிய அவசியம் இல்லை. குடித்துவிட்டு ஆடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதற்கும் விரதத்துக்கும் சம்பந்தம் கிடையாது. குடித்தவர் தோளில் காவடி ஏறாமல் பார்த்துக்கொள்வது குழுவின் பொறுப்பு.

எல்லாருக்கும் அருள் வருவதில்லை, வர வேண்டும் என்றும் இல்லை. வரவில்லையே என்று துணைக்கு வந்தவர்கள் தோளைப் பிடித்து உலுக்குவதும் காதருகே கத்துவதும் அநாகரிகம். தாளத்தோடு அமைதியாக நடந்துபோய்ச் சேர்ந்தாலும் காவடி செலுத்தியதாகத்தான் கணக்கு.

அலகோடு ஆடுகிறவர்கள்

கன்னத்திலும் நாக்கிலும் அலகு குத்தியவர்கள் குதித்து ஆடக் கூடாது, நடையசைவு மட்டும். நீள அலகு என்றால் இருபுறமும் ஆள் பிடிக்க வேண்டும், நுனியில் எலுமிச்சம்பழம் செருகியிருக்க வேண்டும். அலகு ஒருவருக்கு ஒன்று, கிருமிநீக்கம் செய்தது; குத்துபவர் ஆளுக்கு ஆள் கையுறை மாற்ற வேண்டும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் ரத்தம் இளக்கும் மாத்திரை எடுப்பவர்களும் அலகை விட்டுவிட்டுப் பால்குடமோ காவடியோ எடுப்பது நல்லது.

அலகை உட்காரவைத்துத்தான் எடுக்க வேண்டும். நின்றபடி எடுத்தால் அந்த நொடியில் பலருக்குத் தலை கிறுகிறுக்கும். எடுத்ததும் சுத்தமான துணியால் 5 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். திருநீறு நெற்றிக்கு, காயத்துக்குள் அடைக்க வேண்டாம். உடம்பில் கொக்கி மாட்டி வண்டியில் தொங்கவிடும் முறையில், இலங்கையில் தூக்குக்காவடி என்றும் இங்கே பறவைக் காவடி என்றும் சொல்வதில், ஆட்டம் என்று எதுவும் இல்லை. கொக்கியின் கணக்கு, கயிற்றின் பலம், தூக்கும் வண்டியை ஓட்டுபவரின் நிதானம் எல்லாம் அனுபவம் உள்ளவர்கள் பார்க்க வேண்டிய வேலை. முதல்முறை எடுப்பவர்கள் அதில் ஆரம்பிக்க வேண்டாம்.

நெருப்பு, மின்கம்பி, படி

தோகையும் செயற்கைப் பட்டும் தெர்மாகோலும் நொடியில் பற்றும். வழியில் ஆரத்தி காட்டுபவர்கள் ஆர்வத்தில் காவடிக்கு அடியிலேயே தட்டைக் கொண்டுவருவார்கள். துணையாள் முன்னால் நின்று 3 அடி தள்ளி நிறுத்த வேண்டும். ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் வண்டியில் இருக்கட்டும். உயரக் காவடி என்றால் முந்தின நாளே அதே உயர மூங்கிலோடு வழி முழுவதும் நடந்து தாழ்ந்த கம்பிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பியை மூங்கிலால் தூக்கிப் பிடித்து அடியில் நுழைவது ஒவ்வோர் ஆண்டும் எங்காவது நடக்கிறது. நுழைய முடியாவிட்டால் காவடியை இறக்கி, சாய்த்துக் கொண்டுபோவதில் எந்தத் தோஷமும் இல்லை.

படியில் ஆடவே கூடாது. மலேசியாவின் பத்துமலையில் 272 படிகளும் செங்குத்து. ஏறுவதைவிட, காரியம் முடிந்த களைப்பில் இறங்கும்போதுதான் கால் தடுக்கும். பழனியில் முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படிப்பாதையைவிடச் சரிவான யானைப்பாதை தோது. படியில் மேளம் விளம்ப காலத்தில், அதாவது மெதுவாக, வாசிக்கட்டும், அல்லது நின்றுவிடட்டும்.

இறக்கிய பிறகு

சன்னதியில் காவடி இறங்கியதும் அப்படியே சரிந்து உட்காரத் தோன்றும். 5, 10 நிமிடமாவது மெல்ல நடமாடுங்கள். உடனே உட்கார்ந்தால் காலில் தங்கிய ரத்தம் மேலே ஏறாமல் தலை சுற்றும். தண்ணீரை மடக் மடக்கென்று ஒரு சொம்பு குடிக்காமல், வாய் வாயாக, உப்பு சேர்த்த மோரோடு மாற்றி மாற்றிக் குடியுங்கள். முதல் சாப்பாடு கஞ்சி அல்லது தயிர்ச் சோறு. அன்றிரவே வண்டி ஓட்டிக்கொண்டு ஊர் திரும்புவது வேண்டாம். தூக்கம் கண்ணைக் கட்டும். காவடி செலுத்திய சில நாளில் இடும்பன் பூசை போடும் வழக்கம் உள்ள வீடுகளில் அதுவரை விரதம் தொடரும், உடம்பும் அதற்குள் தேறிவிடும்.

கொப்பளத்தைக் குத்தி உடைக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள் மறுநாள் வெளிச்சத்தில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் புண் இருப்பதே தெரியாது.

தோகையைக் கழற்றி நிழலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலையோடு பெட்டியில் வையுங்கள். இந்தியாவில் தானாக உதிர்ந்த தோகையை வைத்திருக்கவும் வாங்கவும் தடையில்லை. மயிலைப் பிடித்துப் பிடுங்குவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், தோகையை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யவும் தடை. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே காவடி எடுப்பவர்கள் ஊர் திரும்பும்போது தோகையைப் பெட்டியில் வைத்து விமான நிலையத்தில் பறிகொடுப்பது வாடிக்கையாகிவிட்டது. கோயிலிலேயோ உறவினர் வீட்டிலேயோ விட்டுவிட்டுப் போங்கள். காவடிச் சட்டத்தின் கட்டுகளை அவிழ்த்து, திருகாணியில் துரு இருந்தால் மாற்றி, மொத்தம் எத்தனை கிலோ வந்தது, எந்தப் பக்கம் தாழ்ந்தது என்று தண்டின் அடியில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு கட்டப் போகிறவர் வேறு ஒருவராகவும் இருக்கலாம்.